முழுப் பச்சை வட்டம்

தங்கேராங்
இந்தோனேசியா
9 மார்ச் 2003

அன்புள்ள சித்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் விவினும் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஈப்போவில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் வேலை பார்க்கும் வீட்டம்மா தைலம் வாங்கித் தந்தாரா? மாடிப்படி ஏறும்போது வாளியை இரண்டு கையாலும் தூக்காதீர்கள்.

உங்கள் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே அறை, ஒரே பாய், ஒரே ஷூ கம்பெனி. அவள் வெட்டுப் பிரிவில் தோல் துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்குகிறாள். நான் அதே பிரிவில் எண்ணிக்கைச் சீட்டு எழுதுகிறேன்.

எங்களுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். ஹன்டோகோ என்று பெயர். சார் வேண்டாம், பாக் என்றே கூப்பிடுங்கள் என்றார். வெளிநாட்டில் படித்தவர். பழைய மேனேஜர் போலக் கத்துவதில்லை. எங்களைப் பார்த்தால் தலையசைத்து வணக்கம் சொல்கிறார். காலையில் மெஷின் ஓடும் முன் எங்கள் நாற்பது பேரையும் நிற்க வைத்துப் பத்து நிமிடம் பேசுகிறார். மல்டி ஸ்கில் என்கிறார், எம்பவர்மென்ட் என்கிறார். பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். நாங்கள் நாற்பது பேரும் "புரிஞ்சுதுங்க பாக்" என்போம். பெரியவர் ஒருவர் இவ்வளவு நேரம் பேசிய பிறகு புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் முகம் என்ன ஆவது? எம்பவர்மென்ட் என்றால் என்ன என்று விவினிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வரணும்னு அர்த்தம்டி" என்றாள்.

போன வாரம் என் சீட்டைப் பார்த்து, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று சுவரில் ஒரு பலகை வரப்போகிறதாம். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வட்டம். வட்டம் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். யாருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு பங்கைப் பச்சைப் பேனாவால் நிரப்ப வேண்டும். அந்த வேலை எனக்குத்தான். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு, சித்தி! ஒவ்வொரு பங்கும் எதற்கு என்று ஆங்கிலமும் நம் பேச்சும் கலந்து விளக்கினார். எல்லார் முன்னாலும் மூன்று முறை "டவுட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பள்ளியில் தரும் மதிப்பெண் அட்டை போலத்தான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் வளர்த்த சுமர்த்தி

அம்மா, நான் நல்லா இருக்கேன். இவ இப்போ பெரிய ஆள். எல்லாரும் வட்ட மேடம்னு கூப்பிடறாங்க. எனக்கு மஞ்சள் பூப் போட்ட முக்காடு ஒன்னு வாங்கி வை. விவின்.


ஈப்போ
மலேசியா
30 மார்ச் 2003

என் கண்ணான சுமர்த்திக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. இங்கே தொலைபேசியைத் தொட விட மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்து மூன்று முறை படித்தேன்.

பலகையில் எழுத உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. உன் தாய் உயிரோடு இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். ஒன்று கேட்கிறேன். விவின் எதிலும் பின்னால் நிற்பவள். பள்ளியிலும் கடைசி பெஞ்சு. அம்மிச் சத்தத்துக்கே பயப்படுகிற பிள்ளை. மேலே இருப்பவர்கள் கண்ணில் அவள் ஒருமுறையாவது நல்லபடியாகப் படட்டும். அவள் வட்டத்தைக் கொஞ்சம் தாராளமாக நிரப்பு. உன் கையில் இருக்கும்போது செய்யாமல் வேறு எப்போது செய்வாய்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

அன்புடன்,
சித்தி பர்சீனா


தங்கேராங்
20 ஏப்ரல் 2003

அன்புள்ள சித்திக்கு,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். வெயில்தான் தகரக் கூரை வழியாக இறங்குகிறது. உங்கள் கடிதத்தை விவினுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி பெஞ்சு என்ற இடத்தில் என்னைக் கிள்ளினாள்.

பலகை முடிந்துவிட்டது. நாற்பது பேரிடமும் போய்க் கேட்டு எழுதினேன். அவரவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அதற்குப் பெயர் செல்ஃப் அசெஸ்மென்ட் என்று பாக் ஹன்டோகோ சொல்லியிருந்தார். கேட்கப் போனபோதுதான் சங்கடம். துகியா அக்காவை உங்களுக்குத் தெரியாது. மேலிருந்து இறங்கித் தோலை வெட்டும் பிரஸ் மெஷினில் பதினொரு வருடமாக நிற்கிறவர். தோலைத் தடவிப் பார்த்தே எங்கே வெட்டினால் வீணாகாது என்று சொல்வார். பிரஸ்ஸில் எவ்வளவு தெரியும் என்று அவரிடம் கேட்டால், "எனக்கு என்னம்மா தெரியும், ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கேன். இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்கிறார். வயதில் பெரியவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள யாருக்கு வாய் வரும்? அவர் சொன்னதை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரு பங்கு மட்டும் நிரப்பினேன். அவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்.

விவின் சாப்பாட்டு நேரத்தில் துகியா அக்கா பக்கத்தில் நின்று நாலைந்து முறை பிரஸ்ஸின் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். "முழுசா போடுடி, பார்க்க அழகா இருக்கும்" என்றாள். உங்கள் கடிதமும் பையில் இருந்தது. நான்கு பங்கும் நிரப்பினேன். எங்கள் பிரிவில் பிரஸ்ஸுக்கு நேராக முழுப் பச்சை வட்டம் மூன்றே மூன்று. அதில் ஒன்று உங்கள் மகளுடையது.

பாக் ஹன்டோகோ பலகையைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். அவர் கையைப் பிடித்தேனா, விரல்களை மட்டும் தொட்டேனா என்றுகூட நினைவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமர்த்தி

அம்மா, பார்த்தியா. கடைசி பெஞ்சாம். விவின்.


தங்கேராங்
8 ஜூன் 2003

அன்புள்ள சித்திக்கு,

ஸலாம். போன மாதம் நீங்கள் அனுப்பிய முக்காடு கசங்காமல் வந்து சேர்ந்தது. விவின் அதை வேலைக்கும் கட்டிக்கொண்டு போகிறாள். இருவரும் நலம்.

இங்கே வேலைகளை மாற்றுகிறார்கள். பலகையைப் பார்த்துத்தான் மாற்றுகிறார்களாம். காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். துகியா அக்காவைப் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிரஸ்ஸில் அவருக்குப் பயிற்சி போதாது, பிறகு கற்றுத் தருவோம் என்று சொன்னார்கள். அக்கா "சரிங்க பாக்" என்று சொல்லிவிட்டுத் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் நின்ற நான்காம் எண் பிரஸ்ஸுக்கு பதினாறாம் தேதி திங்கள் முதல் விவின். பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக.

கற்றுக்கொள்வாள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சுமர்த்தி

அம்மா, எனக்காக துஆ செய். விவின்.


தங்கேராங்
13 ஜூலை 2003

அன்புள்ள சித்திக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமா? வேலை அதிகமாக இருந்ததால் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரம் எதிர்பாராமல் மழை பெய்தது. சந்துக் கால்வாய் நிரம்பி வாசல் வரை தண்ணீர் வந்தது. மிளகாய் விலை ஏறிவிட்டது. வீட்டுக்காரர் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது.

விவின் நலம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சுமர்த்தி

அம்மா, நான் நலமாக இருக்கிறேன். வேலை நன்றாகப் போகிறது. கவலைப்பட வேண்டாம். விவின்.


ஈப்போ
3 ஆகஸ்ட் 2003

சுமர்த்தி,

நான் உயிரோடு இருக்கிறேன். என் நலத்தைப் பிறகு கேட்டுக்கொள்.

என் மகள் நேராக எழுத மாட்டாள். அவள் எழுத்து ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். இந்த முறை அவள் பெயரில் வந்த வரிகள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கின்றன. அவள் பேசுகிற மாதிரியும் இல்லை. உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அவள் ஏன் எழுதவில்லை? அவளுக்கு என்ன ஆனது? பூனைக் கதை வேண்டாம்.

பர்சீனா


தங்கேராங்
17 ஆகஸ்ட் 2003

சித்தி,

இன்று நம் நாட்டுச் சுதந்திர தினம், கம்பெனி விடுமுறை. விவின் தூங்குகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

அவள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன். ஜூன் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. நான்காம் எண் பிரஸ் அவள் வலது கையில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. பெருவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. மருத்துவமனையில் பதினாறு நாள். நான் தினமும் கூடவே இருந்தேன். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, "அம்மாகிட்ட சொல்லாதடி. சொன்னா அங்கயே விழுந்துடுவா" என்பது. அதனால்தான் அந்தப் பொய்க் கடிதம். அவள் எழுத்தைப் போல எழுதிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

துகியா அக்கா மருத்துவமனைக்கு வந்து அழுதார். அந்த மெஷின் வெட்டி முடித்து மேலே போனதும் சில நேரம் தானாக இன்னொரு முறை இறங்குமாம். மேலே போனதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவாராம். பதினொரு வருடமாக அப்படித்தான் செய்திருக்கிறார். மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு என்னைக் கேட்டா? எனக்குப் பயிற்சி போதாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் போய் இன்னொருத்தருக்குச் சொல்லித் தந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

வட்டத்தில் ஒவ்வொரு பங்கும் எதற்கு என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள். ஒரு பங்கு என்றால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். நான்கு பங்கு என்றால் தனியாகச் செய்வது மட்டுமில்லை, மற்றவர்களுக்கே கற்றுத் தரக்கூடியவர். அது மதிப்பெண் இல்லை, சித்தி. யாரை எங்கே தனியாக நிறுத்தலாம் என்பதற்கான பலகை.

கம்பெனி விசாரணை நடத்துகிறது. விவின் நான்காம் நிலைத் தொழிலாளி, கவனக்குறைவால் நடந்தது என்று ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறார்கள். அப்படி முடிந்தால் அவளை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். பலகையில் இருப்பது சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

என்னைத் திட்டி எழுதுங்கள்.

சுமர்த்தி


ஈப்போ
28 செப்டம்பர் 2003

சுமர்த்திக்கு,

ஒரு மாதமாகத் தாளை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். வீட்டம்மாவிடம் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, பாஸ்போர்ட் தங்கள் பெட்டியில் பூட்டியிருக்கிறது என்றார்கள். காலையில் எழுந்து அவர்கள் பேரனுக்குச் சோறு ஊட்டுகிறேன். கரண்டி பிடிக்கும் அவன் விரல்களைப் பார்க்க முடியவில்லை.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். வட்டத்தைத் தாராளமாக நிரப்பு என்று எழுதியது யார் என்று நினைவு வந்தது. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு. வேண்டாம், கிழிக்காதே. இருக்கட்டும்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. அம்மிச் சத்தத்துக்கே பயப்படுகிறவள் அந்த மெஷின் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றிருப்பாளா? திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள். பயமாக இருக்கிறது என்று அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாள். யாரிடம் சொன்னாள்? அவர் என்ன செய்தார்?

கையெழுத்து விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உனக்கே தெரியும்.

அவள் புண்ணில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

சித்தி


தங்கேராங்
19 அக்டோபர் 2003

அன்புள்ள சித்திக்கு,

ஸலாம். விவினின் புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் இழுக்கிறது என்கிறாள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

நான் கையெழுத்துப் போடவில்லை. விசாரணை அறையில் பாக் ஹன்டோகோவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே, விவினுக்கு அந்த மெஷின் தெரியாது, வட்டத்தை நிரப்பியது நான், துகியா அக்காவுக்கு ஒரு பங்கு போட்டதும் நான், எது எதற்கு என்றே தெரியாமல் போட்டேன் என்று சொன்னேன். இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

பாக் ஹன்டோகோ கோபப்படவில்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "நான் மூணு தடவை கேட்டேனேம்மா. டவுட் இருக்கான்னு மூணு தடவை கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க பாக். மூணு தடவையும் எல்லார் முன்னாடியும் கேட்டீங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, எல்லார் முன்னாலும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது தனக்கும் தெரியாமல் போயிற்று என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அதை எழுதவில்லை.

விவின் மேல் தவறில்லை என்று தாளை மாற்றிவிட்டார்கள். அவளுக்கு வாசலில் உட்கார்ந்து அடையாள அட்டை பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தவறு தகவல் சேகரித்தவருடையது என்று முடிந்தது. அது நான்தான். அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு சோற்றுக்கடையில் தட்டுக் கழுவுகிறேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு ஒத்துவருகிறது. பலகை இன்னும் அதே சுவரில் இருக்கிறதாம். வட்டங்களை மட்டும் அழித்துவிட்டு, வேறு ஒரு பெண் நிரப்புகிறாளாம்.

நோன்பு வரப்போகிறது. வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு படி ஏறாதீர்கள்.

சுமர்த்தி


ஈப்போ
9 நவம்பர் 2003

சுமர்த்தி,

நீ செய்தது நல்ல காரியம். அல்லாஹ் உனக்குக் கூலி தருவான்.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் இல்லை.

பர்சீனா


தங்கேராங்
30 நவம்பர் 2003

சித்திக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நாங்கள் ஊருக்குப் போகவில்லை. கையை எல்லாரும் பார்ப்பார்கள் என்று விவின் வர மறுத்துவிட்டாள்.

அவள் சொன்னது என்னிடம்தான்.

தனியாக நின்ற முதல் நாளே, திங்கள் மாலை, பஸ்ஸில் வரும்போது சொன்னாள். "மார்த்தி, எனக்கு அது வேணாம்டி. அது மேல போகும்போது ஒரு மாதிரி உதறுது. எனக்கு நெஞ்சு அடைக்குது. நீதானே எழுதின, நீயே போய் அழிச்சுடச் சொல்லேன்." மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் அறைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நான் சிரித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். எல்லாருக்கும் முன்னால் கை கொடுத்தவரிடம் போய், நான் எழுதியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

விவின் கேட்டாள். சொல்லிவிட்டேன், பார்க்கிறேன் என்றார் என்று சொன்னேன். அவள் நம்பினாள். புதன்கிழமையும் அதை நம்பித்தான் அந்த மெஷினில் நின்றாள். வியாழக்கிழமையும்.

இதை உங்களிடம் மறைத்தேன். விசாரணையிலும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. மேனேஜர்தான் கேட்டும் கேட்காதவர் போல இருந்துவிட்டார் என்று அவள் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து வந்ததும், சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை பற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னியுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விவின் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். "எத்தனை மாசமா எனக்காகக் கஷ்டப்படுற. நான் ஏதாவது முகம் சுளிச்சிருந்தா மன்னிச்சுக்கடி" என்றாள். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு வழக்கமான பதிலைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. கதவு வரை போய்த் திரும்பி வந்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் நின்ன?" என்று கேட்டாள். மணி அடிக்கும் வரை என்றேன். அன்று நான் சமைத்த பெருநாள் கேட்டுபாட் சோற்றைச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் சாப்பிட்டாள். என்னோடு பேசுகிறாள், தண்ணீர் வந்துவிட்டதா, விளக்கை அணைத்துவிடலாமா என்று கேட்கிறாள்.

ஜூலையிலிருந்து தினமும் காலையில் அவள் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். பெருநாளுக்கு மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது அவள் அறையில் இல்லை. திறந்த சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த அறைக்காரப் பெண்ணின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். இன்று காலையும் அங்கேதான் போனாள்.

சுமர்த்தி